இடது காது, ரெண்டாவது கல்லு

இந்தச் சேருல யாரும் இருக்காகளா தாயி? இல்லைல்லா? அப்ப அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக்கோ, உக்காந்துக்கிடுதேன். முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. கல்லு பாக்குற ஆபீசை மாடியில வச்சிருக்கான் பாரு. வைரத்தோடு வச்சிருக்கவ பூராவும் கெழவி. கெழவியெல்லாம் மாடி ஏறணுமாம்.

என் டோக்கனு நாப்பத்திரண்டு. இப்ப எத்தனை ஓடுது? கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். முப்பத்தஞ்சா? அப்ப நெறைய நேரம் கெடக்கு. ஒனக்கு எத்தனை? நாப்பத்தஞ்சா. சரி. என்ன நகை? மோதிரமா? இங்க காட்டு. நல்லாத்தானே இருக்கு. நீரோட்டம் தெரியுது. யாரு போட்டது? அதுக்கு ஏன் சிரிக்கே? சரி, சரி. நீ இங்க வந்தது அந்தப் பையனுக்குத் தெரியுமா? தெரியாதா! கெட்டிக்காரிதான் போ.

நான் வந்தது வீட்டுல தெரியும். பேத்தி கிருத்திகாவுக்கு வாற வெள்ளிக்கெழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு மெட்ராசு. மாப்பிள்ளையோட அம்மா போன்ல சொல்லுதா, "தோடெல்லாம் பழசு நல்லதுதான், ஒரு சர்டிபிகேட்டும் சேத்து இருந்தா மனசுக்குத் திருப்தியா இருக்கும்"னு. திருப்தியாம். நான் வாங்கிட்டு வாரேன்னு கெளம்பிட்டேன். மருமக கூட வாரேன்னா. வேண்டாம்னுட்டேன். மகன் கார் சொல்லுதேன்னான். வேண்டாம்னுட்டேன். தனியா ஆட்டோ பிடிச்சு வந்தேன். ஏன்னு கேளு.

நீ எந்த ஊரு? நாகர்கோவிலா? அப்பச் சொல்லலாம். திருநவேலின்னா வாயே தொறந்திருக்க மாட்டேன்.

இந்தா, இது நீலப் பொட்டி. எங்க பிரமு அக்காவோடது. எங்க வீட்டுக்காரவுகளோட அண்ணாச்சி பொஞ்சாதி. ஓரகத்தின்னாலும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். எழுபத்தாறு வயசு, வாயில ஒரு பல்லு கெடையாது, ஆனா பேச்சுல அத்தனை பல்லும் இருக்கு. அவளுக்குப் பொம்பளைப் பிள்ளை இல்ல. ஒத்த மகன், மஸ்கட்ல இருக்கான். அதனால அவ தோட்டை என் பேத்திக்குன்னு குடுத்துட்டா. போன வாரம் கொண்டாந்து கிருத்தி கையில வச்சு, "சுத்தமான கல்லுட்டி, ஒரு தோசம் கெடையாது"ன்னு சொன்னா. நான் டம்ளரை எடுக்குற சாக்குல அடுப்படிக்குள்ள போயிட்டேன்.

ஏன்னா அது சுத்தமில்ல. அந்தப் பொட்டிக்குள்ள இருக்குறது கீத்து விழுந்த கல்லு. அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரு, மொதல்லேருந்து சொல்லுதேன்.

எழுபத்தேழுல எனக்குக் கல்யாணம். அக்கா நாலு வருசம் முந்தியே வந்துட்டா. எங்க அத்தை, மாமியாரு, ரெண்டு மருமகளுக்கும் ஒரே மாதிரி ஏழுகல் தோடு போடணும்னு நின்னாக. ரோட்டுல போறவன் பாத்தா வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு. ஒரே ஆசாரி, ஒரே அச்சு. நடுவுல ஒரு கல்லு, சுத்தி ஆறு.

அப்பெல்லாம் வைரம் வாங்குறது இப்ப மாதிரி இல்ல பாத்துக்க. இப்ப நீ கடைக்குள்ள போறே, ஜூஸ் குடுக்கான், நாலு மோதிரத்தைக் காட்டுதான், வாங்கிட்டு வந்துருதே. அப்ப யாவாரி வீட்டுக்கு வருவாரு. நாகலிங்கம் செட்டியாருன்னு ஒருத்தர், ஒல்லியா, அரைக்கண்ணு மூடுன மாதிரியே இருப்பாரு. மடிச்ச காகிதத்துல கல்லைக் கொண்டாந்து குடுத்துட்டு, "மூணு நாளு வச்சுப் பாருங்க"ன்னுட்டுப் போயிருவாரு. மூணு நாளு வைரம் வீட்டுல இருக்கும். அந்த மூணு நாளும் வீட்டுல என்ன நடக்குதோ அதுதான் அந்தக் கல்லோட கொணம். நல்லது நடந்தா ஒத்துக்கிடுச்சு. கெட்டது நடந்தா தோசம்.

மொதல்ல வந்த பதினாலு கல்லு இருந்தப்ப மாமாவுக்கு வயக்காட்டுக் கேசு செயிச்சுது. உடனே அது ராசியான கல்லு ஆயிப்போச்சு. ரெண்டாவது பதினாலு வந்தப்ப பூனை பாலைக் கவுத்துச்சு. எம்மா, அந்தப் பூனை தெனமும்தான் கவுக்கும்! நான் வந்த நாளா அதைப் பாக்குதேன். அன்னைக்கு மட்டும் வைரம் கவுத்துச்சாம்.

செட்டியாரும் நேர்மையான மனுசன். "ரெண்டாவதுல ஒரு கல்லுல உள்ளுக்குள்ள லேசாக் கீத்து இருக்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, லென்ஸு வச்சாத்தான் தெரியும். சொல்லாம விக்க மாட்டேன்"ன்னு சொல்லிட்டாரு. வெலையும் கொறைச்சாரு. அத்தை யோசிச்சாக. அப்புறம் முடிவு பண்ணிட்டாக. எல்லார் முன்னாலயும், சம்பந்தி வீட்டாளுக, எங்க அம்மா, எங்க சித்தி, காய் நறுக்க வந்தவ வரைக்கும் இருக்கா, அங்க வச்சுச் சொல்லுதாக: "மூத்தவளுக்குச் சுத்தமானது. சின்னவளுக்கு லேசாக் கீத்து, வெளிய தெரியாது."

வெளிய தெரியாதாம்! கூட்டம் கூட்டிச் சொல்லிட்டா அப்புறம் என்னத்தை வெளிய தெரியாது?

ஆசாரிகிட்ட அந்தக் கல்லை மறைவா வைக்கச் சொன்னாக. இடது காது, மேல இருந்து ரெண்டாவது கல்லு, மொகத்துக்குப் பின்னால வாற பக்கம். இன்னைக்குவரைக்கும் மறக்கலை. அதைப் போட்ட நாள்லேருந்து ராத்திரி இடது பக்கம் சாய மாட்டேன், அந்தப் பழக்கம் இன்னும் போகலை. கீத்து குத்துற மாதிரி இருக்கும். கல்லு உள்ள இருக்குற கீத்து எங்க குத்தப் போகுது? ஆனா குத்தும்.

எத்தனை ஓடுது? முப்பத்தேழா? இவனுக என்னத்தை இப்படிப் பாக்குதானுக, கல்லுக்கு ஜாதகமா எழுதுதானுக?

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்க தெருவுல மரியபுஷ்பம்னு ஒருத்தி, அவ மூக்குத்திக் கல்லு விழுந்துருச்சு. தேடுதேடுன்னு தேடியும் கெடைக்கலை. அப்பதான் ஒரு கோழி அந்தப் பக்கம் கொத்திக்கிட்டு இருந்துச்சு. கோழிதான் முழுங்கிருச்சுன்னு முடிவு பண்ணிட்டாக. அவ புருசன் அறுத்துப் பாத்துருவோம்னு அருவாளை எடுத்துட்டான். எங்க அத்தை சைவம்லா, கண்ணு முன்னால கோழியை அறுக்க விடுவாகளா? "எங்க வீட்டுல கட்டிப் போடு, நான் பாத்துக்கிடுதேன்"னு கொண்டாந்துட்டாக. முட்டைன்னு சொன்னாலே வாயைக் கழுவுற வீட்டுல மூணு நாளு கோழி கெடக்கு. ஆளு மாத்தி ஆளு அதுக்குப் பின்னால குச்சியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். என் முறை வந்தப்பதான் கெடைச்சுது. நான்தான் கண்டுபிடிச்சேன். கல்லுன்னா எனக்கு அப்படி ஒரு கண்ணு. சரி, அதை விடு.

மறு வருசம் ஆவணி மாசம் பிரமு அக்காவுக்கு வலி வந்துருச்சு. பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நர்சம்மா நகையெல்லாம் கழட்டுங்கன்னுட்டா. அக்கா வலியோட வலியாத் தோட்டைக் கழட்டி என் உள்ளங்கையில வச்சா. "ஏளா செம்பகம், பத்திரமா வச்சுக்கோ. ஒன்னைத் தவிர யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்." செம்பகவடிவு எம்பேரு. அவ மட்டும்தான் செம்பகம்பா.

வீட்டுக்கு வந்தேன். மத்தியானம். வீட்டுல யாரும் இல்ல, எல்லாரும் ஆஸ்பத்திரியில. நெலைக்கண்ணாடிக்கு முன்னால நின்னு என் தோட்டையும் கழட்டினேன். ரெண்டு ஜோடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரு வித்தியாசமும் தெரியலை. சத்தியமாத் தெரியலை. கீத்து எங்க இருக்கு, அதுவே தெரியலை.

அதான் மாத்திக்கிட்டேன்.

அப்படிப் பாக்காத. திருட்டு ஒண்ணும் இல்ல. பதினாலு கல்லு வாங்கினேன், பதினாலு கல்லு குடுத்தேன். எண்ணிக்கை சரியா இருக்குல்லா? திருடுனா எதுக்கு எண்ணிக்கை சரியா இருக்கும்? பதினோராம் நாளு அக்கா வீட்டுக்கு வந்ததும் நானே அவ காதுல மாட்டி விட்டேன். "சுத்தமா தொடைச்சு வச்சேன்க்கா"ன்னு வேற சொன்னேன்.

அதுக்கப்புறம் பாரு. அந்தத் தீவாளியிலேருந்து எங்க வீட்டுல பிடிச்சுது. எங்க வீட்டுக்காரவுக வாத்தியாரா இருந்தாக, தீவாளி கழிஞ்சு ஒரு வாரத்துல எட்மாஸ்டர் ஆர்டரு வந்துச்சு. எட்டு வருசமா பாத்த ஆர்டரு! பெரியவன் பொறந்தான். அடுத்து சின்னவன். மூணாவதா பொண்ணு. கெணத்துல தண்ணி வத்தலை. எல்லாம் சுத்தமான கல்லுதான். எனக்குத் தெரியும், யாருகிட்டயும் சொல்லிக்கிட முடியாது. கண்ணாடியில பாத்து நானே சொல்லிக்கிடுவேன், செம்பகவடிவு, ஒனக்கு ஒத்துக்கிடுச்சுட்டி.

எம்பத்தி நாலுல பெரியத்தான் போயிட்டாக. அக்கா வீட்டுக்காரவுக. ஆபீசுல நாற்காலியில உக்காந்தபடி. முப்பத்தொம்பது வயசு.

அன்னைக்கு அக்கா காதுல இருந்து தோட்டைக் கழட்டினது நான்தான். எங்கையிலதான் கழட்டச் சொன்னா. கழட்டும்போது இடது காதுத் தோட்டை நான் பாக்கவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டேன். அது எனக்கு வந்த கல்லு தாயி. என் காதுல இருந்திருக்க வேண்டிய கீத்து. நான் கொண்டு போயி அவ காதுல மாட்டி விட்டுட்டேன்.

அதுலேருந்து அவ தோடு இந்த நீலப் பொட்டியிலதான். நாப்பது வருசத்துக்கு மேல.

அந்தப் பொட்டியை எங்க வீட்டு பீரோவுல வைக்கவான்னு கேட்டா ஒரு தடவை. முடியாதுன்னுட்டேன்.

டோக்கனு நாப்பதா? முப்பத்தொம்பது. ஒண்ணொண்ணா ஏறுது.

அக்கா ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கா. பெரியத்தான் போனதுலேருந்து காலையில காப்பி நான்தான் கொண்டு போவேன். கருப்பட்டிக் காப்பி, மொத நாளே வறுத்துப் பொடி பண்ணினது. மத்தியானம் கொழம்பு, கூட்டு. அவ மகனை ஸ்கூல்ல சேத்தது எங்க வீட்டுக்காரவுகதான். அவளுக்கு கண் ஆபரேசன் பண்ணினப்ப ஒரு மாசம் என் வீட்டுலதான் கெடந்தா. எதுக்கு? எனக்கு இளகுன மனசு. யாரும் சொல்லிச் செய்யலை. அவ என்ன சொல்லுவா தெரியுமா? "காப்பி ஆறிப் போச்சு." "கொழம்புல புளி ஏறிப் போச்சு." "மாவடு ஊற விட்டது போதாது." நாப்பது வருசத்துல ஒரு நாளு, ஒரு நாளு, "நல்லாருக்கு செம்பகம்"னு சொன்னதில்ல. நானும் ஒரு நாளும் பதில் பேசுனதில்ல. என் மருமகமாரு சிரிப்பாக, "அத்தை எல்லாரையும் வாயில போட்டு மெல்லுவாக, பெரியத்தை முன்னால மட்டும் எலி"ன்னு. ஒனக்கென்னட்டி தெரியும்னு சொல்லுவேன்.

இப்பச் சங்கதி புரியுதா? சர்டிபிகேட்டு போட்டா கீத்து வெளிய வந்துரும். அந்த மெட்ராசு அம்மா, "எங்க மருமகளுக்குக் கீத்து விழுந்த கல்லா"ன்னு ஆரம்பிப்பா. அக்கா சொல்லுவா, "என் தோடு சுத்தமானதுல்லா, கீத்து எங்கேருந்து வந்துச்சு?" அப்புறம் எல்லாரும் என்னைப் பாப்பாக. கல்யாணப் பந்தல்ல வச்சு. அது கூடப் பரவாயில்ல. அக்கா ஒரே ஒரு தடவை கண்ணைச் சுருக்கி என்னைப் பாத்து, "அப்ப அவுக போனதும்..."ன்னு வாய் எடுத்துட்டா? அதைத்தான் என்னால தாங்க முடியாது. ஏதோ ஒரு தடவை காலைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டுருவோம்னு நாப்பது வருசமா நெனைக்கேன், ஒவ்வொரு காலையும் காப்பியைக் குடுத்துட்டு வந்துருதேன்.

அதனால ஒரு வேலை பண்ணினேன். சிரிக்காத.

வாற வழியில, ஆட்டோவுல, இங்க வண்ணாரப்பேட்டை சிக்னல்ல நிக்கும்போது, என் காதுல இருந்த தோட்டைக் கழட்டி அக்காவோட நீலப் பொட்டிக்குள்ள வச்சுட்டேன். பொட்டியில இருந்த அவ தோட்டை எடுத்து என் சுருக்குப்பைக்குள்ள போட்டுட்டேன். இதோ, சிவப்புச் சுருக்குப்பை. அம்புட்டுத்தான். நாப்பத்தெட்டு வருசத்துக்கு முந்தி எடுத்ததைத் திருப்பி வச்சாச்சு. இப்பப் பொட்டியில சுத்தமான கல்லு இருக்கு. அதுக்கு சர்டிபிகேட்டு, அதைப் பேத்திக்கு. அக்கா சொன்னது பொய்யாகலை. கீத்து எங்கிட்டயே வந்துருச்சு, எனக்குன்னு எழுதுனது எனக்கு. இனிமே எனக்கு என்ன ஆகப் போகுது, எழுபத்தொண்ணு ஆச்சு.

ஆட்டோக்காரன் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தான். என்னப்பா பாக்குதே, ரோட்டைப் பாருன்னு ஒரு அதட்டுப் போட்டேன். காது மூளியாக் கெடக்கு பாரு. தொட்டுத் தொட்டுப் பாக்குதேன்.

நாப்பத்திரண்டா? என்னைத்தான். பையைப் பாத்துக்கோ தாயி. வெத்தலை இருக்கு அதுல.

*

வந்துட்டேன். தள்ளி உக்காரு. இல்ல, பக்கத்துலயே உக்காரு. கொஞ்சம் தண்ணி குடு.

உள்ள ஒரு பொண்ணு. ஜெபசெல்வின்னு பேரு, தங்கமான பொண்ணு. நீலப் பொட்டியை வாங்கி, தோட்டைத் தொடைச்சு, ஒரு குழாய் மாதிரி மிஷினுக்கு அடியில வச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாக்குதா. நான் கொடிக்கம்பம் மாதிரி நிக்கேன். ஒவ்வொரு கல்லாப் பாத்து எழுதிக்கிட்டே வந்தவ நிமுந்து சொல்லுதா, "ஆச்சி, இதுல ஒண்ணு எஸ்.ஐ."

எனக்கு உசுரே போச்சு. எஸ்.ஐ.யா! சப் இன்ஸ்பெக்டரை எதுக்குளா கூப்பிடணும்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். "நான் எடுக்கலைளா, மாத்தித்தான் வச்சேன், அதையும் திருப்பிட்டேன்"னு சொல்லிட்டேன். அவ முழிக்கா. அப்புறம் சிரிச்ச சிரிப்பு இருக்கே. "ஐயோ ஆச்சி, எஸ்.ஐ.ன்னா கல்லோட தரம். உள்ள லேசா ஒரு கொறை இருக்குன்னு அர்த்தம். போலீசு இல்ல."

போலீசு இல்லைன்னதும் மூச்சு வந்துச்சு. வந்த மூச்சு அடுத்த நொடியே நின்னு போச்சு. கொறையா? எந்தக் கல்லுல? "இடது காது ஆச்சி. மேல இருந்து ரெண்டாவது."

நான் சொன்னேன், இருக்காது, இது சுத்தமானது, நீ சரியாப் பாருன்னு. அவ கோவிக்கலை. "நீங்களே பாருங்க ஆச்சி"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டா. கண்ணை வச்சுப் பாத்தேன். மொதல்ல ஒண்ணும் தெரியலை, என் கண்ணிமைதான் தெரிஞ்சுது. அப்புறம் அவ ஏதோ திருகினா. தெரிஞ்சுது. கல்லுக்குள்ள, நல்ல உள்ள, குருவி எறகுல ஒரு பிசிறு விழுந்து கெடக்குற மாதிரி. வெள்ளையா. அதுக்குள்ளயும் ஒரு மினுக்கு.

நாப்பத்தெட்டு வருசமா அந்தக் கீத்துக்காக அழுதிருக்கேன், சண்டை போட்டிருக்கேன், இடது பக்கம் படுக்காம இருந்திருக்கேன். இன்னைக்குத்தான் அது மூஞ்சியைப் பாக்குதேன். இம்புட்டுக்காணு!

"மண்ணுக்குள்ள கல்லு உண்டாகும்போதே வாறது ஆச்சி. இப்படி ஏதாவது ஒண்ணு நெறையக் கல்லுல இருக்கும். இதை வச்சுத்தான் இது உங்க கல்லுதான்னு அடையாளமே சொல்ல முடியும்"ங்கா அந்தப் பொண்ணு. அவ ஏதோ ஆறுதலுக்குச் சொன்னா. எனக்கு அந்த வார்த்தைதான் சுருக்குன்னு பிடிச்சுது. என் கல்லு. அடையாளம்.

சுருக்குப்பையை அவுத்து அந்தத் தோட்டையும் குடுத்தேன், இதையும் பாருளான்னு. பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. "ஆச்சி, இது பளிங்குத் தண்ணி மாதிரி இருக்கு. பத்து மடங்கு பெருசாக்கிப் பாத்தாலும் ஒண்ணும் ஆப்பிடலை. கட்டுன நகையில இதுக்கு மேல பாக்க முடியாது, ஆனா பதினாலும் சுத்தம்."

இப்ப நீ கணக்குப் போடு. சுருக்குப்பையில இருந்தது இத்தனை வருசம் அக்கா பொட்டியில கெடந்த தோடு. அது சுத்தம். என் காதுல இருந்து இன்னைக்குக் கழட்டி வச்சேனே, அதுலதான் கீத்து. அப்ப இத்தனை காலம் என் காதுல கெடந்தது என் தோடேதான். எனக்கு வந்த கீத்து எங்கிட்டயேதான் இருந்திருக்கு. எட்மாஸ்டர் ஆர்டரு வந்தப்பயும், மூணு பிள்ளை பொறந்தப்பயும் அந்தக் கீத்துதான் என் காதுல.

பெரியத்தான் போனப்ப அக்கா காதுல இருந்தது சுத்தமான கல்லு.

என்னால இல்ல. கேட்டியா தாயி? என்னால இல்ல. ஒன் துப்பட்டாவைக் கொஞ்சம் குடு. மூக்கு ஒழுகுது.

என்னால இல்ல.

சரி. இப்பச் சொல்லு, தோடு தானா எந்திரிச்சு நடந்து போயி மாறுமா? யாரோ திருப்பி மாத்தியிருக்காகல்லா? யாரு? அந்தக் கள்ளி! பல்லில்லாத கள்ளி! நான் மாத்துனதைத் தெரிஞ்சுக்கிட்டு, சத்தமில்லாமத் திருப்பி எடுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம நாப்பத்தெட்டு வருசம் இருந்திருக்கா பாரு! கூடப் பொறந்தவ மாதிரி பழகுதேன், எங்கிட்ட இப்படி ஒரு மறைப்பா? மனுசத்தன்மை வேண்டாம்?

அந்தப் போனை எடு. இந்தப் பட்டனு எனக்குச் சரியா அமுங்காது. 'பிரமு அக்கா'ன்னு இருக்கும், அமுக்கு. கேக்குதேன் பாரு கேள்வி. நீ வெத்தலை போடு, ஒரு நிமிசம், அந்த சன்னலு பக்கம் போயிப் பேசிட்டு வாரேன்.

*

வச்சுட்டா. எனக்கு முன்னால அவ வச்சுட்டா.

ஏன்க்கா, என் தோட்டை எப்ப மாத்துனீகன்னு நேராக் கேட்டேன். "எந்தத் தோடு?"ன்னு இழுத்தா. ஆபீசுல நிக்கேன், எல்லாம் மிஷின்ல பாத்தாச்சுன்னேன். "ஓ, அதுவா"ங்கா. ஓ, அதுவா! மோருல உப்பு இல்லைங்குற மாதிரி. "அந்தத் தீவாளிக்குத் தோட்டுல எண்ணெய் எறங்கிருச்சு, பூந்திக்கொட்டை போட்டுக் கழுவித் தாங்கக்கான்னு நீயேதானே கழட்டிக் குடுத்தே. ரெண்டு ஜோடியையும் கழுவினேன். என்னுதை எடுத்துக்கிட்டேன். ஒன்னுதைக் குடுத்தேன்."

ரெண்டே மாசம் தாயி! ரெண்டே மாசந்தான் அந்தச் சுத்தமான கல்லு என் காதுல இருந்திருக்கு.

எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். "நீ மாட்டி விட்ட அன்னைக்கே தெரியும். என் திருகாணி மரை தேஞ்சு போயி உள்ள மெழுகு வச்சிருந்தேன். நீ மாட்டுனதுல மெழுகு இல்ல. அதோட, கேக்காமலே தொடைச்சு வச்சேன்னு வேற சொன்னே." அன்னைக்கே கேட்டிருக்கலாம்லான்னேன். "கேட்டா அத்தை காதுல விழும். ஒன்னை மூட்டை கட்டி ஒங்க அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பாக. வந்து ஒரு வருசந்தானே ஆகியிருந்துச்சு ஒனக்கு."

சரி, அது போகட்டும்னேன். ஆனா விடலை. அப்ப பெரியத்தான் போனப்ப? நான் எப்படித் துடிச்சேன், என் கீத்துனாலதான்னு உள்ளுக்குள்ள வெந்து கெடந்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லாக்கான்னு கேட்டேன்.

அக்கா வெத்தலை இடிக்குற சத்தம் போன்ல கேட்டுச்சு. அப்புறம் சொல்லுதா, "நீ அப்படித்தான் நெனைக்கேன்னு எனக்குத் தெரியும்ளா. மொத நாளு காப்பி கொண்டாந்தியே, அப்பவே தெரியும்."

தெரிஞ்சுமா சொல்லலை?

"சொல்லியிருந்தா மறுநாளு வந்திருப்பியா செம்பகம்?"

எனக்கு இளகுன மனசுக்கா, சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்னு சொன்னேன். சிரிக்கா. அவ சிரிப்பு போன்ல காத்து போற மாதிரி கேக்கும், பல்லு இல்லைல்லா. சிரிச்சுட்டு, "சரி, என் தோட்டை என் பொட்டியிலயே வச்சுக் கொண்டாந்து கிருத்திகிட்டக் குடு, இன்னொரு தடவை மாத்திராத"ங்கா. எனக்கு வந்த ஆத்திரம்! அதோட வச்சிருந்தாலும் போகட்டும். "வாறப்ப ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கிட்டு வா"ன்னுட்டு வச்சுட்டா.

பனங்கிழங்கு! ஒரு பல்லு கெடையாது, பனங்கிழங்கு கேக்கா! அதை யாரு அவிக்கணும்? நான். யாரு நாரு உரிக்கணும்? நான். மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, நடுத்தண்டைக் கிள்ளி எறிஞ்சு, தேங்காயும் பச்சமிளகாயும் வச்சு உரல்ல இடிச்சு, உருண்டை பிடிச்சு வாயில வைக்காத கொறையாக் குடுக்கணும். குடுத்தா, "தேங்காய் காணாது"ம்பா.

இனிமே எதுக்கு நான் செய்யணும்? சொல்லு பாப்போம். ஒண்ணும் கெடையாது இனி. அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யலை, மிஷின்லயே எழுதிக் குடுத்துட்டாக. இந்தா, ரெண்டு ஜோடிக்கும் காகிதம், நீயே வாசி. பயமும் கெடையாது, பாவமும் கெடையாது. ஒரு கட்டு என்ன, ஒத்தக் கிழங்கு கூட வாங்க மாட்டேன்.

மணி என்ன ஆச்சு? பன்னெண்டே காலா?

ஜங்ஷன்ல பாலத்துக்கு அடியில ஒருத்தி விப்பா. அவகிட்டத்தான் நாரில்லாமக் கெடைக்கும், மத்தவகிட்டயெல்லாம் வெறகு. ஒரு மணிக்கு மேல நிக்க மாட்டா.

எந்திரிக்க ஒரு கை குடு தாயி. வெரசாப் போகணும்.